பெயரெச்சமும் சீன மொழியின் 'தெ'யும்: சீன மாணவர்க்கு உயர்நிலை ஆங்கிலம் கற்பித்தலில் தமிழ் இலக்கண மரபின் பயன்

ஆங்கில மொழி, மொழியியல், இலக்கியம் ஆகியவற்றை உயர்நிலையில் பயிலவரும் சீன மொழி மாணவர்களுக்குத் தமிழ் இலக்கண மரபு என்ன தரக்கூடும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆங்கிலம் கற்பிப்போர் தமிழை நாடுவதில்லை. தமிழாய்வாளர் சீன மாணவரைப் பற்றிச் சிந்திப்பதும் அரிது. எனினும் ஆக்லாந்து நகரின் வடமேற்கில் வெஸ்ட்கேட் பகுதியில் வாழ்ந்து, சீனாவிலிருந்து வந்த பட்ட, முதுகலை மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் கற்பித்த நிலையில், இவ்விரண்டையும் இணைத்து நோக்க வேண்டிய தேவை எனக்கு மீண்டும் மீண்டும் ஏற்பட்டது. நியூசிலாந்திலிருந்து வரும் தமிழாய்வுக் கட்டுரைகள் வெலிங்டன் அருங்காட்சியகத்திலுள்ள தமிழ் மணியைத் தொடாமல் செல்வதில்லை. இக்கட்டுரை அதனை வணங்கிவிட்டு மேலே செல்கிறது.

வெஸ்ட்கேட்டை அடுத்துள்ள புறநகர் மாசி. 1912 முதல் 1925 வரை பிரதமராக இருந்த வில்லியம் மாசியின் பெயர் அது. (அவர் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகத்தின் ஆக்லாந்து வளாகம் இங்கன்று, ஆல்பனியில் உள்ளது. புதிதாக வரும் மாணவர் இதில் தடுமாறுவது வழக்கம்.) அவருடைய ஆட்சியில் 1920-இல் இயற்றப்பட்ட குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்திருத்தம், பிரித்தானியப் பிறப்பும் மரபும் அற்றோர் நாட்டினுள் வர முன்கூட்டியே அனுமதி பெற வேண்டுமென விதித்தது. அது சீனரையும் இந்தியரையும் ஒருங்கே தடுத்தது. அதற்கு முன்னரே மொழி ஒரு வாயிற்கதவாக ஆக்கப்பட்டிருந்தது. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியர் அல்லாதார் விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழியொன்றில் எழுத வேண்டுமென்றது. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சீனர்க்கு மட்டும், அதிகாரி தெரிந்தெடுக்கும் 100 ஆங்கிலச் சொற்களைப் படித்துக்காட்டும் தேர்வை விதித்தது. 1881 முதல் இருந்த தலைவரிக்கு மேலதிகமாக இது வந்தது. அத்தலைவரிக்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2002-இல்தான்.

இன்றைய பல்கலைக்கழகத் தேர்வுகளை அப்பழைய சட்டங்களோடு ஒப்பிடுவது நியாயமன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 6.5 பெற்று முதுகலை வகுப்பில் அமரும் மாணவர், அந்த எண் தம் மொழித்திறனை முழுமையாக அளந்துவிட்டது என நம்புகிறார். அவருடைய கட்டுரையைத் திருத்துபவரும் அவ்வாறே நம்புகிறார். பிழைகளை எண்ணுதல் எளிது, எண்ணிய பின் அவை எதைக் காட்டுகின்றன என்பது எளிதன்று. இதற்கு மொழியியல் வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு.

பிழையின்மை என்னும் பிழை

1974-இல் ஜாக்குலின் ஷாக்டர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பாரசீகம், அரபு, சீனம், ஜப்பானியம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில், 'விச்', 'ஹூ', 'தேட்' முதலிய சொற்களால் தொடங்கிப் பெயரைப் பின்தொடர்ந்து விளக்கும் கிளைத்தொடர்களை அவர் எண்ணினார். பாரசீக மாணவர் 174 தொடர்களை எழுதினர். அவற்றுள் 43 பிழையானவை. சீன மாணவர் எழுதியவை 76. பிழையானவை 9 மட்டுமே. பிழையை மட்டும் எண்ணினால் சீன மாணவரே சிறந்தவர் ஆகிவிடுவர். உண்மையில் அவர்கள் அவ்வமைப்பைத் தவிர்த்தனர். உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தினர்.

ஏன் தவிர்த்தனர்? ஷாக்டர் தந்த விடை எளிமையானது. பாரசீகத்திலும் அரபிலும் விளக்கத்தொடர் ஆங்கிலத்தில் போலவே பெயருக்குப் பின் வரும். சீனத்திலும் ஜப்பானியத்திலும் முன் வரும். தமிழ் எந்தப் பக்கம் என்பதைத் தமிழ் கற்றோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனர் 'நான் நேற்று வாங்கு தெ புத்தகம்' என்னும் வரிசையில் சொல்வர். நம் பெயரெச்ச விகுதி செய்யும் பணியை அங்கே 'தெ' என்னும் தனிச்சொல் செய்கிறது. வேறுபாடு யாதெனில், தமிழ் எல்லா நிலையிலும் வினையை இறுதியில் வைக்கும் மொழி. சீனமோ 'நான் வாங்கினேன் புத்தகம்' என ஆங்கிலம் போல வினையை நடுவில் வைத்துக்கொண்டு, விளக்கத்தொடரை மட்டும் நம்மைப் போல முன்னே வைக்கிறது. உலக மொழிகளை ஒப்பிட்ட மேத்யூ டிரையர் காட்டியதுபோல, இச்சேர்க்கை மிக அரிது. எனவே சீன மாணவருக்கு ஆங்கில வாக்கியத்தின் வெளிச்சட்டகம் பழகியதாகத் தோன்றி, உள்ளே செல்லும்போது திசை மாறுகிறது. தமிழ் மாணவர்க்கோ தொடக்கத்திலேயே எல்லாம் தலைகீழ். ஆகவே அவர் விழிப்புடன் இருக்கிறார். பழகியதுபோல் தோன்றுவதே உயர்நிலையில் கூடுதல் இடர் தருகிறது என்பது என் கருத்து.

தொல்காப்பியர் தரும் கருவி

வழக்கமான ஆங்கில இலக்கண நூல்கள் இவ்விடத்தில் 'பெயரைப் பின்தொடர்ந்து எழுதுக' என விதி கூறி நின்றுவிடுகின்றன. தொடக்கநிலைக்கு அது போதும். ஆய்வேடு எழுதும் மாணவர்க்குப் போதாது. ஏனெனில் ஆய்வுரை நடையில் வருபவை 'வித் விச்', 'இன் விச்', 'பை விச்' போன்ற முன்னிடைச்சொல் சேர்ந்த தொடர்கள். சீன மாணவர் எழுதும்போது அந்த முன்னிடைச்சொல் காணாமற்போகிறது. 'நான் காய் நறுக்கிய கத்தி' என்பதை ஆங்கிலத்தில் 'தி நைஃப் விச் ஐ கட் த வெஜிடபிள்ஸ்' என எழுதிவிட்டு, என்ன குறைகிறது என்று கேட்கிறார். 'வித்' குறைகிறது என்று சொல்வது விடையாகாது. ஏன் அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை என்பதே விளக்கப்பட வேண்டியது.

இங்குதான் தொல்காப்பிய வினையியல் உதவுகிறது. 'செய்த', 'செய்யும்' என்னும் பெயரெச்ச வாய்பாடுகள் இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறு பொருளுக்கும் ஒரே தன்மையில் உரியவை என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலாரும் இதனைப் பின்பற்றுகிறார். காய் நறுக்கிய ஆள், காய் நறுக்கிய கத்தி, காய் நறுக்கிய இடம், காய் நறுக்கிய நாள், அவர் நறுக்கிய காய் என எச்சம் வடிவம் மாறாமல் நிற்க, அது கொண்டு முடியும் பெயரே உறவை உணர்த்துகிறது. சீனத்திலும் இதுவே நிலை: 'நறுக்கு காய் தெ' என்பதன்பின் ஆள், கத்தி, இடம், நாள் எதுவும் வரலாம், 'தெ' மாறுவதில்லை. ஆங்கிலமோ அந்த ஆறு உறவுகளையும் தொடரின் உள்ளே தனித்தனியே குறிக்கும்படி எழுதுபவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆளுக்கு 'ஹூ', கருவிக்கு 'வித் விச்', இடத்துக்கு 'இன் விச்' அல்லது 'வேர்', காலத்துக்கு 'ஆன் விச்' அல்லது 'வென்'. ஆறு வரிசை கொண்ட பட்டியலொன்றை வகுப்பில் வரைந்து, இடப்பக்கம் சீனத் தொடரையும் வலப்பக்கம் ஆங்கிலத் தொடரையும் எழுதச் சொன்னால், மாணவர் தாமே விதியைக் கண்டுகொள்கின்றனர். பெரும்பாலான நூல்கள் தருவது லத்தீன் வழிவந்த வேற்றுமைப் பாகுபாடு. அது பெயர் தொடருக்குள் வகிக்கும் வடிவத்தைப் பார்க்கிறது. தொல்காப்பியர் தருவது வினைக்கும் பெயருக்கும் உள்ள பொருளுறவுப் பாகுபாடு. சீன மாணவருக்கு வேண்டியது இரண்டாவதே.

வார இறுதியில் வெஸ்ட்கேட்டில் நான் நடத்திய சிறு வாசிப்புக் குழுவில், மாணவி ஒருவர் இந்த ஆறையும் கேட்டுவிட்டு, 'காய் நறுக்கும் ஓசை' எதில் அடங்கும் என்று வினவினார். நல்ல வினா. ஓசை நறுக்கவுமில்லை, நறுக்கப்படவுமில்லை, நறுக்குதலால் விளைந்தது. தமிழிலும் சீனத்திலும் இயல்பாக வழங்கும் இத்தொடரை ஆங்கிலத்தில் அத்தகைய கிளைத்தொடராக எழுதவே இயலாது. 'த சவுண்ட் ஆஃப்' என்று வேறு அமைப்பை நாட வேண்டும். யோஷிகோ மட்சுமோட்டோ ஜப்பானிய மொழியை முன்வைத்து இவ்வகைத் தொடர்களை விளக்கினார். பெர்னார்டு காம்ரி அக்கருத்தை ஆசிய மொழிகள் பலவற்றுக்கு விரித்து, இவற்றை ஐரோப்பியக் கிளைத்தொடரின் வகையாகவே கருதலாகாது என வாதிட்டார். தொல்காப்பியரின் 'ஓரன்ன உரிமை' என்னும் நோக்கு இவ்விவாதத்தில் இடம்பெறத் தகுந்தது. இதுவரை போதிய அளவு இடம்பெறவில்லை என்பதே என் மதிப்பீடு.

இவ்வாசிப்புக் குழு அளந்து செய்த ஆய்வன்று. ஆகவே முன்னேற்றத்தைக் காட்டும் எண்கள் எவற்றையும் இங்குத் தரவில்லை.

இடைச்சொல்லும் 'வெறுஞ்சொல்'லும்

சீனர்க்கு இலக்கண மரபே இல்லை, 1898-இல் மா ஜியான்ஜோங் லத்தீனைப் பார்த்து எழுதியதே முதல் நூல் என்று சீன மாணவர்களே கூறுவதுண்டு. முழு மொழிக்குமான முறைப்பட்ட இலக்கணம் என்னும் பொருளில் இது சரி. ஆனால் சொற்களை 'நிறைசொல்', 'வெறுஞ்சொல்' எனப் பிரிக்கும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கு இருந்தது. மா ஜியான்ஜோங் தாமும் ஐரோப்பியப் பாகுபாட்டில் இல்லாத, வாக்கிய இறுதித் துணைச்சொற்களுக்கான ஒரு வகையைச் சேர்க்க நேர்ந்தது. பெயர், வினை, இடை, உரி என்னும் நம் நான்கில், தனித்து நில்லாது பெயரோடும் வினையோடும் சேர்ந்தே பொருள் தரும் இடைச்சொல்லை இது நினைவூட்டும். இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே இடத்தில் கோடு கிழித்துள்ளன.

இதனால் கற்பித்தலுக்கு என்ன பயன்? ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' என்னும் சார்புச்சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் சீனத்திலும் இவை இல்லை என்றே பாடநூல்கள் கூறும். அவை குறிக்கும் பொருளோ இரு மொழியிலும் உண்டு. 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்னும் இரண்டனுள் இரண்டாம் வேற்றுமை உருபு, கேட்பவர் அறிந்த புத்தகத்தைச் சுட்ட முனைகிறது. சீனத்தில் அதே பணியைச் சொல்வரிசை செய்கிறது: 'விருந்தினர் வந்தனர்' என்னும் வரிசை எதிர்பார்த்த விருந்தினரையும், 'வந்தனர் விருந்தினர்' என்னும் வரிசை யாரோ சிலரையும் குறிக்கும். தம் மொழியில் இவ்வேறுபாட்டை மாணவர் ஒருமுறை உணர்ந்துவிட்டால், 'தி' அவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இராது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வாக்கிய இறுதியில் வரும் 'லா', 'மெ' போன்ற சொற்களையும் இவ்வழியே நோக்கலாம். ஏகாரத்துக்குத் தேற்றம், வினா முதலாக ஐந்து பொருள் வகுத்த மரபில் வந்த ஒருவர், அவற்றைச் சிதைந்த ஆங்கிலம் என்று தள்ளிவிட மாட்டார். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைக்குத் தலைமை தாங்கிய கவிஞர் எட்வின் தம்பு பணியாற்றிய நகரம் அது. தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும் அந்நகரில் இவ்வொப்பீடு இன்னும் விரிவாக நடந்திருக்க வேண்டும்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு சொல். வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் வேரின. பிரெஞ்சு மாணவர் அவற்றைப் பாதி அறிந்தே வருகிறார். சீன மாணவர்க்கு அவை ஒலிக்கூட்டங்கள் மட்டுமே. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்பதைச் சீனர் 'ஒளி-சேர்-வினை' என்கின்றனர். நாம் ஒளிச்சேர்க்கை என்கிறோம். கணினியை அவர்கள் 'மின்மூளை' என்பர். சொல்லின் உள்ளே பொருள் தெரிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இரு மொழியாளர்க்கும் பொது. ஆகவே வேர்ப்பொருளோடு கற்பித்தல் இவர்களுக்குச் சிறப்பாகப் பொருந்தும்.

உள்ளுறையும் 'ஷிங்'கும்

இலக்கிய வகுப்பில் இடர் வேறு வகையானது. 1966-இல் ராபர்ட் காப்லன், மொழிக்குழுக்களின் கட்டுரைப் போக்கைப் படங்களாக வரைந்தார். ஆங்கிலம் நேர்க்கோடு, சீனம் உள்ளிட்ட கீழைத்தேயப் பிரிவு உள்நோக்கிச் சுழலும் வட்டம். அவரே பின்னர் அக்கருத்தைத் தளர்த்திக்கொண்டார், படம் மட்டும் ஆசிரியர் அறைகளில் நிலைத்துவிட்டது. (அதே 1966-இல்தான் தனிநாயக அடிகளார் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். கீழைத்தேயம் என்பது ஒரே பொருளன்று என்பதை அங்கு வந்திருந்த எவரும் காப்லனுக்குச் சொல்லியிருப்பர்.) சுற்றி வளைக்கிறார் என்று கட்டுரையின் ஓரத்தில் எழுதப்படும் குறிப்பு மதிப்பெண்ணைக் குறைக்கிறது, சில வேளை ஆய்வுப் பட்டத்துக்கான வாய்ப்பையும் அடைத்துவிடுகிறது.

சீனத்தில் ஆங்கில இலக்கியக் கல்விக்கு ஆழ்ந்த மரபு உண்டு. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929-30-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பல்பொருண்மை பற்றி 1930-இல் நூல் எழுதிய அவருடைய மாணவர் வில்லியம் எம்ப்சன், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த தென்மேற்கு இணைப்புப் பல்கலைக்கழகத்தில், நூல்கள் இன்றி நினைவிலிருந்தே கவிதைகளைத் தட்டச்சுச் செய்து கற்பித்தார். அம்மரபில் வந்த வாங் சுவோலியாங் போன்றோர் ஆங்கில நாடக ஆய்வில் பெயர்பெற்றனர். இத்தகைய பின்னணியுடைய மாணவரைக் கவிதை வாசிக்கத் தெரியாதவர் என்று கருதுதல் தகாது. அவர்கள் கவிதையை வேறு கேள்விகளோடு அணுகுகின்றனர்.

ஆங்கில வகுப்பில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இப்பறவை எதன் குறியீடு? 305 பாடல்கள் கொண்ட சீனப் பழந்தொகையான ஷிச்சிங்கைப் பள்ளியிலேயே அறிந்த மாணவர்க்கு இக்கேள்வி குறுகியதாகப் படுகிறது. அம்மரபில் 'ஷிங்' என்பது இயற்கைக் காட்சியொன்றை முதலில் எழுப்பி, மனித உணர்வை அதனருகே வைத்து, இரண்டுக்குமான தொடர்பைச் சொல்லாமல் விடுவது. பயணி என்னும் புனைபெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் அப்பாடல்களைக் 'கவித்தொகை' என்னும் பெயரால் சீனத்திலிருந்தே தமிழாக்கியபோது, நம் சங்க இலக்கியத்தோடு அதனை இணைத்துக் காட்டியதில் வியப்பில்லை. ஆனால் உள்ளுறையும் ஷிங்கும் ஒன்றே என்று முடிவுகட்டுவது அவசரம். எங்கே பிரிகின்றன என்பதே வகுப்பில் பயன் தருவது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை ஏ. கே. ராமானுசனின் 1967-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் என் குழு வாசித்தது. தலைவனோடு கொண்ட நட்பின் பெருமையை நிலம், வான், கடல் ஆகியவற்றின் அளவைக் கடந்ததாகக் கூறும் பாடல். கரிய கொம்பினையுடைய குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கும் மலைநாட்டை உடையவன் அவன். இக்காட்சி தனித்து நிற்கவில்லை. 'நாடன்' என்னும் பெயரைச் சிறப்பிக்கும் எச்சத்தொடருக்குள் அடங்கி நிற்கிறது. ஷிங்கில் காட்சி பெரும்பாலும் தனி வாக்கியமாய் முன்னே நின்று, உணர்வு அடுத்துத் தொடங்கும். உள்ளுறையில் காட்சி இலக்கணத்தாலேயே மனிதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. நிலம் அவனை விளக்கும் அடையாகிவிடுகிறது. பெயரெச்சத்தின் ஆறு உறவுகளை முன்பே பயின்றிருந்த மாணவர்கள் இதனைக் கண்டுகொள்ள நெடுநேரம் பிடிக்கவில்லை.

பின்னர் அவர்கள் அப்பாடலைச் சொல்லுக்குச் சொல் விளக்கத்தின் துணையால் சீனத்தில் பெயர்த்தனர். 'தெ'யைக் கொண்டு தேன் இழைக்கும் காட்சியை 'நாடன்' என்பதன் முன்னேயே நிறுத்த முடிந்தது. ஆங்கிலத்தில் அது இயலவில்லை. மனிதன் முன்னே வந்து நிலம் பின்னே செல்ல நேர்கிறது. தமிழ்த் தொடரும் ஆங்கிலத் தொடரும் ஒன்றற்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை என்பதை ராமானுசன் நன்கறிந்தவர். வரிகளைப் படிப்படியாக உள்தள்ளி அச்சிட்டு, இழந்த வரிசையைக் கண்ணுக்காவது காட்ட அவர் முயன்றார். அந்த உள்தள்ளல் அலங்காரமன்று, ஓர் இலக்கணச் சிக்கலுக்கான விடை என்பதை விளக்கி ஒரு மாணவர் எழுதிய கட்டுரை, நான் பணியில் திருத்தியவற்றுள் சிறந்த சிலவற்றில் ஒன்று. வாதம் நேராகவே சென்றது, சுழலவில்லை.

துறைகள் நிலைபெறுவது பற்றியும் இங்குப் பேச வேண்டியுள்ளது. நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களில் மொழித்துறைகள் அண்மை ஆண்டுகளில் சுருங்கிவருகின்றன. தமிழுக்குத் தனித்துறை எதுவும் இங்கு இல்லை. தமிழ் மாணவர் எண்ணிக்கையை மட்டும் காட்டி இருக்கை கோரும் வழக்கமான முறை, இச்சிறு நாட்டில் எடுபடுமெனத் தோன்றவில்லை. மொழியியல், ஆங்கிலத் துறைகளின் பாடத்திட்டத்துக்குள் தொல்காப்பியத்தின் ஒரு பகுதி புகுவதோ நடைமுறையில் இயலும். அதனைப் பயிலும் மாணவருள் பெரும்பாலோர் தமிழர் அல்லாதாராகவே இருப்பர். அதனைக் குறையாக நான் கருதவில்லை.

அதற்குத் தடையாக இருப்பது கருவிநூல். தொல்காப்பியத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளன, பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியாரும் சி. இலக்குவனாரும் செய்த பணி மதிக்கத்தக்கது. ஆயினும் பெயரெச்சம் என்பதை ஐரோப்பிய இலக்கணம் வழங்கும் பெயராலேயே குறித்தால், மாணவர் எதைப் புதிதாகக் காண வேண்டுமோ அது மறைந்துவிடுகிறது. வினையியலிலும் இடையியலிலும் ஏறத்தாழ 30 நூற்பாக்களைத் தேர்ந்து, மூலம், சொல்லுக்குச் சொல் விளக்கம், தமிழ்க் குறியீட்டுப் பெயர்கள் அப்படியே நிற்கும் ஆங்கில உரை, சீன எடுத்துக்காட்டுகள் ஆகியவற்றுடன் ஒரு சிறுநூல் வேண்டும். எச்சப் பகுதிக்குரிய வரைவை முடித்துள்ளேன். ஏகார ஓகாரங்களுக்கு ஈடான சீன எடுத்துக்காட்டுகளைத் திரட்ட, மாண்டரினோடு கான்டனீசும் அறிந்த ஒருவரின் துணை தேவைப்படுகிறது.